‘முன்ன மாதிரி இல்லண்ணே’ என்று ரசிகர் சொன்னால்

கேள்வி: வணக்கம் ஐயா. ஆறு ஆண்டுகளாகத் தமிழில் ஸ்டாண்ட்-அப் செய்து வருகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில், யாரும் மேடையேறலாம் என்ற ஐந்து நிமிட ஓப்பன் மைக்கில் தொடங்கினேன். இப்போது 35 நிமிடம் தனியாக நிற்கிறேன். நிறுவன ஆண்டு விருந்து, கோயில் நிதி விருந்து, கல்யாணம் என்று அழைப்பு வருகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவைப் பற்றிய ஜோக் டிக்டாக்கில் பரவியது. அதன் பிறகு கூட்டம் கூடியது, சிரிப்பு குறைந்தது. போன மாதம் பினாங்கில், அரங்கம் அதிர வேண்டிய இடங்களில் புன்னகைதான் கிடைத்தது. ஆரம்பத்திலிருந்து என்னைப் பார்த்துவரும் தம்பி ஒருவன், “முன்ன மாதிரி இல்லண்ணே” என்றான். எனக்குச் சரக்கு தீர்ந்துவிட்டதா? மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒலிப்பதிவையும் பினாங்கு ஒலிப்பதிவையும் அனுப்பியிருக்கிறேன்.
– செந்தூல் வாசகர்

பதில்: தம்பி, இரண்டு பதிவுகளையும் முழுதாகக் கேட்டாயிற்று. சரக்கு தீர்ந்தவர் பேசும் பேச்சு அல்ல அது. பினாங்கில் புதிதாகச் சேர்த்திருக்கும் பள்ளி வேன் கதையில் கூர்மையான கண் தெரிகிறது. ஆனால் ஒரு பழக்கம் உங்களை விட்டுப் போயிருக்கிறது. ஆரம்பத்தில் ஒவ்வொரு வரியையும் முன்பின் தெரியாதவர்கள் முன் நிறுத்தினீர்கள். சிரித்தால் வைத்துக்கொண்டீர்கள், சிரிக்காவிட்டால் எறிந்தீர்கள். இப்போது அந்தச் சோதனை நடப்பதில்லை. பெயர் வாங்கிய நகைச்சுவையாளர்கள் பலருக்கும் நேர்வது இதுதான். என்ன நடந்திருக்கிறது என்பதை உங்கள் அப்பா ஜோக்கிலேயே பார்க்கலாம்.

பழைய பதிவில் இப்படிச் சொல்கிறீர்கள்:

“அப்பாதான் எனக்கு மோட்டார் ஓட்டக் கத்துக் குடுத்தாரு. பின்னாடி உக்காந்துக்கிட்டு, ‘பிரேக்கு! டேய், பிரேக்கு!’ வீட்லருந்து தாமான் முனை வரைக்கும் அதே பாட்டு. இப்ப நான் கார் ஓட்டுறேன். அவரு பக்கத்து சீட்டு. வாயத் தொறந்து தூங்குறாரு. காலு மட்டும் தூங்கல.”

பினாங்கில் இப்படி:

“எங்கப்பா இருக்காரே, கார்ல தூங்கும்போதுகூட காலால பிரேக்க அமுக்கிக்கிட்டேதான் வருவாரு. அவ்ளோ பயம் எம்மேல. காலு மட்டும் தூங்காது, தெரியுமா!”

விஷயம் ஒன்றுதான், ஆனால் ஜோக் போய்விட்டது. முதல் வடிவத்தில் ‘பிரேக்கு’ என்ற கூச்சலை முன்கூட்டியே கேட்பவர் காதில் போட்டுவிடுகிறீர்கள். கடைசி வரியில் அந்தச் சொல்லே வருவதில்லை. ‘காலு மட்டும் தூங்கல’ என்றதும் கேட்பவர் தானே அந்தக் காலைப் பார்க்கிறார், தானே பிரேக்கை நினைவுக்குக் கொண்டுவருகிறார். அந்த அரை நொடி வேலைக்குக் கிடைக்கும் கூலிதான் சிரிப்பு. இரண்டாம் வடிவத்தில் பிரேக்கையும் நீங்களே சொல்லி, காரணத்தையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். கேட்பவருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

இன்னும் மூன்று இழப்புகள் இருக்கின்றன. ‘தூங்குறாரு’ என்பது இப்போது, நம் கண்முன் நடக்கிறது. ‘வருவாரு’ என்பது பொதுவான தகவல். பழைய பதிவில் ‘தூங்குறாரு’வுக்கும் ‘காலு’வுக்கும் நடுவே ஒரு நொடிக்கு மேல் மௌனம் இருந்தது, பினாங்கில் அது அறவே இல்லை. கடைசியாக அந்தத் ‘தெரியுமா’. ‘தூங்காது’ என்ற இடத்திலேயே முன்வரிசையில் சிரிப்பு எழுகிறது, பதிவில் தெளிவாகக் கேட்கிறது. நீங்கள் இன்னொரு சொல் பேசியதும், என்ன சொல்கிறார் என்று கேட்க அவர்கள் அடங்கிவிடுகிறார்கள். அப்படி அடங்கிய சிரிப்பு திரும்ப எழாது.

தமிழில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. நம் வாக்கியம் வினையில் முடிவது. திடுக்கிட வைக்கும் சொல் நடுவில் மாட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகும் ‘அமுக்கிக்கிட்டேதான் வருவாரு’ என்று வால் நீளும். பேச்சுத் தமிழ் இதற்கு வழி வைத்திருக்கிறது. வினையை முன்னால் தள்ளி, வெடிக்க வேண்டிய சொல்லைக் கடைசியில் விடலாம். ‘அவரு தூக்கத்துலயும் பிரேக்க மிதிக்கிறாரு’ என்பதைவிட ‘மிதிக்கிறாரு, தூக்கத்துலயும்’ என்பது வலுவானது. ஒவ்வொரு ஜோக்கிலும் சிரிப்பு எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ அந்தச் சொல்லை வட்டமிடுங்கள். அதற்குப் பின்னால் எது நின்றாலும் வெட்டுங்கள்.

இந்தத் தேய்மானம் சோம்பலால் வருவதில்லை. ஒரே ஜோக்கை நூறு தடவை சொன்னவருக்கு அதன் முடிவு பழகிவிடுகிறது. ‘டேய், பிரேக்கு’ என்ற கூச்சல் அவருக்கு வீண் நீளமாகத் தெரியும், மௌனம் பயமாகத் தெரியும். உங்களுக்கு டிக்டாக்கும் சேர்ந்துகொண்டது. ‘இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே’ என்று ஓடுகிறீர்கள்.

சரிசெய்யும் வழி எளிது. பழைய பதிவைக் கேட்டு, ஜோக்கை எழுத்துக்கு எழுத்து, ‘ஆங்’, ‘அதாவது’ உட்பட, தாளில் எழுதுங்கள். மௌனம் இருக்கும் இடத்தில் கோடு போடுங்கள். அதை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். மேடையில் சொல்லும்போது அந்தக் காரை நீங்கள் பார்க்க வேண்டும்: அப்பா எந்தப் பக்கம், கண்ணாடி திறந்திருக்கிறதா, சீட் பெல்ட் எங்கே இறுக்குகிறது. ‘தூங்குறாரு’ என்று சொல்லும் முன் இடப்பக்கம் ஒரு பார்வை பார்த்தால் அந்த ஒரு நொடி தானாக வந்து நிற்கும். சிரிப்பு வந்த பிறகு அது உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் வரை வாய் திறக்காதீர்கள். முழுதாக அடங்கும் வரையும் காத்திருக்க வேண்டாம், அரங்கம் குளிர்ந்துவிடும்.

இதே வேலையை 35 நிமிடத்துக்கும் செய்ய வேண்டும். பினாங்கு பதிவை எடுத்து ஒவ்வொரு பஞ்சுக்கும், அதாவது சிரிப்பு வெடிக்க வேண்டிய ஒவ்வொரு வரிக்கும், மதிப்பெண் போடுங்கள். ஒன்றுமில்லை என்றால் 0, அங்கங்கே நாலைந்து பேர் என்றால் 1, அரங்கம் முழுக்க என்றால் 2, மூன்று நொடிக்கு மேல் நீண்டாலோ கைதட்டலோடு சேர்ந்தாலோ 3. வெறும் கைதட்டலுக்கு மதிப்பெண் கிடையாது. ‘நம்ம தமிழ்ப்பள்ளி’ என்றதும் பினாங்கில் பலத்த கைதட்டல் வந்தது, சிரிப்பு வரவில்லை. உங்கள் கருத்தை ஏற்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம், ஜோக் வேலை செய்ததற்கு அல்ல. பெயர் வாங்கியவர்கள் இந்தக் கைதட்டலைச் சிரிப்புக் கணக்கில் எழுதிக்கொள்ளும்போது செட், அதாவது மேடையில் சொல்லும் ஜோக்குத் தொகுப்பு, மெல்ல மெல்லச் சொற்பொழிவாகிவிடுகிறது. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சறுக்கல் இன்னும் சுலபம்.

இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் அளவு நிமிடத்துக்கு நான்கு முதல் ஆறு சிரிப்பு. கதை சொல்லும் பாணிக்குக் குறையலாம். ஆனால் 30 நொடி சிரிப்பே இல்லாமல் போனால் அதன் முடிவில் 3 வாங்கும் பஞ்ச் இருந்தாக வேண்டும். உங்கள் பினாங்கு பதிவில் 14-ஆம் நிமிடத்திலிருந்து 19-ஆம் நிமிடம் வரை அப்படி நான்கு பள்ளங்கள் இருக்கின்றன. நான்கும் இந்த ஓராண்டில் எழுதியவை. அது தற்செயல் அல்ல.

உங்கள் முதல் 20 நிமிடம் எப்படி உருவானது என்று நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகள் ஐந்தைந்து நிமிடமாக, உங்களைத் தெரியாத, பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தின் முன் நின்று சல்லடையில் தங்கியது அது. பத்து எழுதினால் ஒன்றோ இரண்டோதான் தங்கியிருக்கும். அடுத்த 15 நிமிடத்தை ஓராண்டில் எழுதி, உங்கள் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்கியவர்கள் முன் நேராக வைத்தீர்கள். அவர்கள் நீங்கள் மேடை ஏறும்போதே சிரிக்கத் தயாராக இருப்பவர்கள். முதல் பத்து நிமிடம் அன்புக்காகவே சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நம்பி, தங்கக் கூடாததெல்லாம் தங்கிவிட்டது. ரசிகருக்கும் காரணம் புரியாது. ஆள் பழைய ஆள்தான், ஏதோ குறைகிறது என்று மட்டும் தோன்றும்.

வயதும் ஆண்டுகளும் சிரிப்பைக் கொல்வதில்லை. நம் ஹரித் இஸ்கந்தர் 2016-இல் ‘உலகின் மிக வேடிக்கையான மனிதர்’ போட்டியில் வென்றபோது இருபது ஆண்டுகளுக்கு மேல் மேடை கண்டவர். அமெரிக்காவின் ஜார்ஜ் கார்லின் 1977 முதல் 2008 வரை எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்கு 14 தனி நிகழ்ச்சிகள் செய்தார். ஒன்றை முடித்ததும் அதை விட்டுவிட்டு அடுத்ததை எழுதினார். ஜெரி சைன்ஃபெல்ட் 1998-இல் தன் பழைய செட்டைக் கடைசி முறையாகச் செய்து ஒளிபரப்பிவிட்டு, உலகப் புகழோடு சின்னக் கிளப்புகளுக்குத் திரும்பி, சில நிமிடப் புதுச் சரக்கோடு மறுபடி தொடங்கினார். அந்த முடிவின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. உங்களுக்கும் வழி அதுவே, அளவு மட்டும் சிறியது.

நம் ஊரில் சரக்கு வேகமாகச் செலவாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மலேசியாவில் இந்தியர்கள் சுமார் 20 லட்சம் பேர். அதில் கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் நிகழ்ச்சிக்கு வருகிற கூட்டம் இன்னும் சிறியது. கோயில் நிதி விருந்தில் பார்த்தவர்தான் அடுத்த மாதம் கல்யாணத்திலும் எதிரே உட்கார்ந்திருப்பார். ஒரு குறிப்பேடு போடுங்கள்: தேதி, இடம், யார் அழைத்தார்கள், எந்தெந்த ஜோக், என்ன வரிசை. அதே ஏற்பாட்டாளர் ஓராண்டுக்குள் திரும்ப அழைத்தால் பாதிக்கு மேல் மாறியிருக்க வேண்டும். ஜோக்குகளை அட்டைக்கு ஒன்றாக எழுதித் தலைப்புவாரியாக அடுக்குவது நல்லது. அமெரிக்க நகைச்சுவையாளர் ஃபில்லிஸ் டில்லர் அப்படிச் சேர்த்த 50,000-க்கும் மேற்பட்ட அட்டைகள் கொண்ட அலமாரி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டிக்டாக் விஷயத்தில் பலர் செய்கிற தவறு, செட்டின் மிகச் சிறந்த பஞ்சை வெட்டிப் போடுவது. பார்த்தவர் நேரில் வரும்போது முடிவைத் தெரிந்துகொண்டு வருகிறார். முதல் சொல்லிலேயே அடையாளம் கண்டு ஆரவாரம் செய்வார். பஞ்சில் சிரிக்க அவரிடம் ஒன்றும் இருக்காது. சிரிப்புக்குத் துணை வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆராய்ந்து சொன்னது: தனியாக இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது நாம் ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம். எல்.ஆர்.டி. ரயிலில் காதில் இயர்போனோடு பார்ப்பவர் உள்ளுக்குள் ரசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார், ஜோக்கின் புதுமை மட்டும் செலவாகிவிடும். ஆகவே, ஓய்வு கொடுக்கப்போகும் ஜோக்குகளை மட்டும் பதிவேற்றுங்கள். அல்லது அன்றைய கூட்டத்தோடு நேரடியாகப் பேசிய பகுதிகளைப் போடுங்கள். அவை எப்படியும் திரும்ப வரப்போவதில்லை. அப்பா ஜோக்கை யாராவது கேட்டால், எல்லாம் முடிந்த பிறகு, பழைய சொற்களிலேயே சொல்லுங்கள். 35 நிமிடத்தின் கடைசித் தூணாக அதை இனி நிறுத்தாதீர்கள்.

இனி பினாங்கு. அங்கே விழுந்தவற்றில் ஒரு பகுதிக்கு ஊரே காரணம். கே.எல். சென்ட்ரல் நெரிசலும் எல்.ஆர்.டி. பழுதும் உங்கள் செட்டில் ஏறத்தாழ ஆறு நிமிடம். பினாங்கில் இன்னும் எல்.ஆர்.டி. ஓடவில்லை. அவர்கள் அந்த எரிச்சலை உங்கள் வழியாகக் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது. கற்பனை செய்யும் நேரத்தில் பஞ்ச் கடந்துபோகிறது. அதே எரிச்சல் அவர்களுக்கு 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தில் மாலை ஆறு மணிக்குக் கிடைக்கிறது, பட்டர்வொர்த் ஃபெரி வரிசையில் கிடைக்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. உள்ளூர்க்காரருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், போலி உடனே பிடிபடும். மதியமே போய்ச் சேருங்கள், ஃபெரியில் ஒரு தடவை கடந்து பாருங்கள், நாசி கண்டார் வரிசையில் நில்லுங்கள். வெளியூர்க்காரன் கண்ணில் பட்டதாகவே சொல்லுங்கள்.

மண்டபமும் மாறியிருக்கிறது. பழைய பதிவு அறுபது எழுபது பேர் நெருங்கி உட்கார்ந்த தாழ்ந்த கூரை அறை. சிரிப்பு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு உடனே தொற்றியது. பினாங்கில் விருந்து மண்டபம், பத்துப் பேர் வட்டமேசை. ஒவ்வொரு மேசையிலும் மூன்று நான்கு பேருக்கு முதுகுதான் மேடைப் பக்கம். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் செல்லும். 30 மீட்டர் தள்ளி இருப்பவர் உங்களைக் கேட்டுச் சிரித்து, அந்தச் சிரிப்பு உங்களிடம் திரும்ப ஒரு நொடியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. சின்ன அறையின் வேகத்தில் பேசினால் ஒவ்வொரு சிரிப்பின் மேலும் நீங்களே பேசுவீர்கள். பெரிய மண்டபத்தில் வேகத்தைக் குறையுங்கள், சொற்களையும் குறையுங்கள். எதிரொலிக்கும் மண்டபத்தில் ஒலி அமைப்பாளரிடம் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, குறைக்கச் சொல்லுங்கள். மைக் வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்தில் நிற்கட்டும்.

ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டியவை உண்டு. மேடைக்கும் முதல் மேசைக்கும் நடுவே நடன இடம் காலியாகக் கிடக்கக் கூடாது, மூன்று மீட்டருக்குள் ஆள் இருக்க வேண்டும். மேடையில் வெளிச்சம், மேசைகளில் மங்கல். நீங்கள் பேசும்போது உணவு பரிமாறக் கூடாது. லக்கி டிரா தொடங்கும் முன் உங்கள் நேரம் முடிந்துவிட வேண்டும். எண் சீட்டைக் கையில் வைத்துக் காத்திருப்பவரைச் சிரிக்க வைப்பது மிகக் கடினம்.

காலம் கடந்த ஜோக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2015-இல் வந்து 2018-இல் போன ஜி.எஸ்.டி. பற்றிய உங்கள் இரண்டு வரி இன்னும் செட்டில் இருக்கிறது. 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்து மைசெஜாத்ரா (கோவிட் கால போன் செயலி) ஜோக்கும் அப்படியே. அமெரிக்காவில் 2012-இன் சாண்டி சூறாவளி பற்றிய ட்விட்டர் ஜோக்குகளை வைத்து பீட்டர் மெக்ரா குழுவினர் ஆராய்ந்தார்கள். அடி விழுந்த நாட்களில் சிரிப்பு குறைந்தது, சில வாரம் கழித்து உச்சத்துக்குப் போனது, பிறகு இறங்கிவிட்டது. வலி ஆறும் முன் சொன்னால் புண்படும், முற்றிலும் ஆறிய பின் யாருக்கும் பொருட்டில்லை. மைசெஜாத்ராவை எடுத்துவிடுங்கள். அதற்குள் இருக்கும் அம்மா, போனை எட்ட வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் அந்த அம்மா, எந்தக் காலத்துக்கும் வேலை செய்வார். அவரை மட்டும் மீட்டெடுங்கள்.

இரண்டு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை, பதிவில் இருக்கிறது. ஒன்று, வாழ்க்கை மாறியிருக்கிறது. மாதத் தவணை பற்றிய பழைய ஜோக்கில் கடன் வாங்கியவனின் பதற்றம் இருந்தது. இப்போது அதே ஜோக்கை நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பதற்றமில்லாத குரலில் சொல்கிறீர்கள். கூட்டம் நம்பவில்லை. இல்லாத வறுமையை நடிக்க வேண்டாம். இன்று உங்களை உண்மையில் கூச வைப்பது எது, உறவினர் கல்யாணத்தில் ‘ஒரு ஜோக் சொல்லுப்பா’ என்று மைக்கை நீட்டுவதா, அப்பா உங்களிடம் பணம் கேட்கத் தயங்குவதா? அங்கிருந்து எழுதுங்கள்.

இன்னொன்று, பயம். இனம், சமயம், அரச பரம்பரை பற்றிப் பேசினால் இங்கே என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். 2022-இல் கோலாலம்பூரில் நகைச்சுவை அரங்கம் ஒன்று உரிமமே இழந்தது. எச்சரிக்கை நியாயமானது. ஆனால் அந்த எச்சரிக்கையில் நீங்கள் எல்லாவற்றையும் பொதுவாக்கிவிட்டீர்கள். ‘நம்ம ஆளுங்க எப்பவும் லேட்டு’ என்பது யாரும் சொல்லலாம். ‘எங்க பெரியப்பா, தாலி கட்டுனப்புறம் வந்து, முகூர்த்தம் எப்பன்னு கேட்டாரு’ என்பதை நீங்கள் மட்டுமே சொல்ல முடியும். ஆளும் இடமும் எவ்வளவு குறிப்பாக இருக்கின்றனவோ அவ்வளவு சிரிப்பு வரும், ஆபத்தும் குறையும்.

அடுத்த மூன்று மாதத்துக்கு இப்படிச் செய்யுங்கள். வாரம் ஒரு ஓப்பன் மைக், ஐந்து நிமிடம், முழுக்கப் புதியது. பெயரை விளம்பரப்படுத்த வேண்டாம், உங்களைத் தெரியாத கூட்டமாக இருந்தால் நல்லது. மலாயோ ஆங்கிலமோ கலந்த மேடையானாலும் போங்கள், அங்கே அன்புச் சிரிப்பு கிடைக்காது. ஒவ்வொன்றையும் பதிவுசெய்து மறுநாளே மதிப்பெண் போடுங்கள். ஒரு ஜோக்குக்கு மூன்று வெவ்வேறு கூட்டம் கொடுங்கள். மூன்றிலும் 1-க்கு மேல் போகாவிட்டால் திருத்துங்கள். இரண்டு முறை திருத்தியும் எழவில்லை என்றால் அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். 2 வாங்கியதைப் பணம் வாங்கும் மேடைக்குக் கொண்டுபோகலாம். உறுதியான ஒன்று, புதியது ஒன்று, மறுபடி உறுதியான ஒன்று என்று இடையில் செருகுங்கள். ஒரு இரவுக்கு மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் புதியது வேண்டாம். இரண்டாவது வலுவான ஜோக் தொடக்கத்தில், மிக வலுவானது முடிவில். பள்ளி வேன் கதையை அடுத்த ஆண்டுக்கான முடிவாக வளர்க்கலாம் என்பது என் கணிப்பு. இப்போது அது ஆறு நிமிடம், மூன்றரையாக இறங்க வேண்டும்.

அதுவரை வரும் அழைப்புகளுக்கு 35 நிமிடம் ஒப்புக்கொள்ளாதீர்கள். பினாங்கு பதிவில் 2-ஓ 3-ஓ வாங்குவதைக் கூட்டினால் 20 நிமிடம் தேறுகிறது. அதை மட்டும் செய்யுங்கள். கட்டணம் குறையுமோ என்று தயங்க வேண்டாம். விருந்து நிகழ்ச்சிகள் எப்போதும் தாமதமாகத்தான் ஓடும், 20 நிமிடத்தில் முடிக்கிறேன் என்பவரை ஏற்பாட்டாளர்கள் விரும்புவார்கள். ஒப்புக்கொள்ளும்போதே தொகையையும் நிமிடத்தையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.